உலகக் குழந்தைகளுக்குப் பள்ளி தந்த மாண்டிசோரி... சொந்த மகனைப் பிரிந்தது ஏன்?

இன்னிக்கு 'மாண்டிசோரி' போர்டைப் பார்த்தாலே ஃபீஸ் எவ்வளவோ என்றுதான் தோணும். ஆனா அது தொடங்கின இடம், ரோம் நகரின் சான் லொரென்சோ என்ற ஏழைக் குடியிருப்பு. பெற்றோர் வேலைக்குப் போனதும் சுவரைக் கிறுக்கித் திரிந்த பிள்ளைகளுக்காக, டாக்டர் மரியா மாண்டிசோரி 1907-ல் அங்கே 'குழந்தைகள் இல்லம்' நடத்தினார். தண்டனை இல்லை, பரிசும் இல்லை. சொரசொரப்பான எழுத்துகளை விரலால் தடவியே நாலைந்து வயசுப் பிள்ளைகள் எழுதப் பழகின.

அப்போது அவருடைய மகன் மரியோ வளர்ந்தது வேறொருவர் வீட்டில். 1898-ல் திருமணமாகாமல் பெற்ற பிள்ளை. விஷயம் தெரிந்தால் வேலையே போயிருக்கும். பதின்வயதில்தான் மரியோ அம்மாவிடம் வந்தார். அப்பவும் ஊருக்கு அவர் 'உறவுக்காரப் பையன்'தான்.

1939-ல், ஆசிரியர்களுக்குப் பயிற்சி தர இருவரும் வந்து இறங்கியது நம்ம அடையாறில். அடுத்த வருஷமே இத்தாலி போரில் குதிக்க, எதிரி நாட்டவர் என்று மரியோவை பிரிட்டிஷ் அரசு முகாமில் அடைத்தது. மரியாவின் 70-வது பிறந்தநாளுக்குத்தான் விட்டது. பிறகு கொடைக்கானலில் குழந்தைகளோடு சில காலம்.

1952-ல் நெதர்லாந்தில் மரியா இறந்தார். உயிலில் மரியோவை மகன் என்றே குறிப்பிட்டிருந்தார்.