கோத்தோ ஷிம்பெய்

ஜப்பான் தேசத்துப் பெரியோருள் ஒருவராகிய கோத்தோ ஷிம்பெய் 1857-ஆம் ஆண்டில் மிஜுஸாவா என்னும் ஊரிற் பிறந்தார். இளமையில் வைத்தியம் பயின்று, பின்னர் ஜெர்மனி சென்று சுகாதார சாஸ்திரமும் கற்றார்.

1920-ஆம் ஆண்டில் டோக்கியோ நகரத் தலைவரானார். விசாலமான வீதிகளும் பூங்காக்களும் அமைக்க மறு ஆண்டில் அவர் வகுத்த பெருந்திட்டத்தைப் பகற்கனவென்று பலரும் நகைத்தனர்.

1923 செப்டம்பர் 1-ஆம் தேதி நண்பகலில் பூமி அதிர்ந்தது. குழாய்கள் உடைந்தமையால் தீயை அவிக்க நீர் இல்லை. மரத்தளமிட்ட பாலங்கள் எரிந்தன. ஒடுங்கிய தெருக்களில் ஜனங்கள் சிக்கினர். டோக்கியோவிலும் அயற்பிரதேசங்களிலும் ஏறக்குறைய 1,05,000 பேர் மாண்டனர். அவருட் பெரும்பாலோர் நெருப்புக்கே இரையாயினர்.

மறுநாள் உள்நாட்டு மந்திரியாகப் பதவியேற்ற கோத்தோ, பழைய நகரை மீட்பதன்று, புதிய நகரைப் படைப்பதே கடமையெனத் துணிந்தார். அவர் கருதிய செலவு 400 கோடி யென். சட்டசபையார் அளித்ததோ 50 கோடிக்கும் குறைவு. நிலமுடையோரும் எதிர்த்தனர். 1924 ஜனவரியில் மந்திரிசபையே விலகியது.

ஆயினும் அவர் இட்ட வித்து வீண்போகவில்லை. அகன்ற வீதிகள் எழுந்தன. சுமிதா ஆற்றின்மேல் உறுதியான இரும்புப் பாலங்கள் அமைந்தன. ஆபத்துக் காலத்தில் ஜனங்கள் ஒதுங்குதற்கென ஆரம்பப் பள்ளிகளையடுத்து 52 சிறு பூங்காக்கள் தோன்றின. 1930-ல் இப்பணி நிறைவெய்தியது. அதனைக் காணாமலே கோத்தோ 1929-ல் காலமானார்.

வெள்ளம் வருமுன் அணைகோலச் சொல்வோரை உலகம் நகைக்கலாம். அந்நகைப்புக்கு அஞ்சாமையே அவர் நமக்கு விட்டுச்சென்ற பாடமாம்.