ஜேம்சு சைக்சு கேம்பிள்

ஜேம்சு சைக்சு கேம்பிள் (சூலை 2, 1847 – அக்டோபர் 15, 1925) இந்திய வனத்துறையில் பணியாற்றிய ஆங்கிலேயத் தாவரவியலாளர் ஆவார். சென்னை மாகாணத் தாவரவளம் பற்றிய இவரது நூல் தென்னிந்தியச் செடிகளை இனங்காண இன்றும் பயன்படுகிறது.

வாழ்க்கை

இலண்டனில் பிறந்த இவர் ஆக்சுபோர்டிலும், பிரான்சின் நான்சி நகர வனவியல் பள்ளியிலும் பயின்றார். பின்னர் பணியேற்றுப் பர்மா சென்றார். 1882 முதல் 1890 வரை சென்னை மாகாணத்தில் வனப் பாதுகாவலராகவும், பின்னர் 1899 வரை தேராதூன் வனப் பள்ளியின் இயக்குநராகவும் இருந்தார். இந்திய மரங்கள் குறித்த கையேட்டை 1881 இலும், மூங்கில்கள் குறித்த நூலை 1896 இலும் வெளியிட்டார்.

தாவரவள நூலும் கடுகுக் குடும்பமும்

ஓய்வுக்குப் பின் எழுதத் தொடங்கிய தாவரவள நூலின் முதற்பகுதி 1915 இல் வெளிவந்தது. கடுகுக் குடும்பம் அப்பகுதியிலேயே இடம்பெறுகிறது. சிலுவை போல் அமைந்த நான்கு இதழ்களும், நான்கு நீண்டும் இரண்டு குட்டையாகவும் உள்ள ஆறு மகரந்தத்தாள்களும் இக்குடும்பத்தின் அடையாளங்கள். பூக்கள் பெரும்பாலும் ஒன்றுபோல் இருப்பதால் பேரினங்களைப் பிரிக்கக் காயையே பார்க்க வேண்டும். நீலகிரியில் களையாகப் பரவியுள்ள கேப்செல்லாவின் காய் தலைகீழ் முக்கோணம் போன்றது. கடுகின் காயோ நீண்டது. பூவோடு காயும் இல்லாத மாதிரியைக் கொண்டு இக்குடும்பச் செடியை உறுதியாக இனங்காண்பது கடினம்.

காரமடை, மேட்டுப்பாளையம் பக்கத்து மானாவாரி நிலங்களில் காணும் நாய்க்கடுகு பெயரில் மட்டுமே கடுகு. மகரந்தத்தாள்கள் ஆறுக்கு மேற்பட்டவை. காயினுள் குறுக்குச் சவ்வு கிடையாது. பெந்தாம்–ஊக்கர் முறையைப் பின்பற்றிய கேம்பிள் அதன் பேரினத்தைக் காதோட்டிக் குடும்பத்தில் வைத்தார். ஆனால் அது கடுகுக் குடும்பத்துக்கே நெருங்கியது என்று பிற்கால மரபணு ஆய்வுகள் காட்டியதால், இப்போது தனிக் குடும்பமாகக் கொள்ளப்படுகிறது. நாட்டுப்பெயர் வைத்தவர்கள் உறவை ஓரளவு சரியாகவே கண்டிருக்கிறார்கள்!

நூலில் படங்கள் இல்லை. புதிதாகப் பயில்வோருக்கு இது சிரமமே.

நிறைவு

நூலின் பதினொரு பகுதிகளில் ஏழு முடிந்த நிலையில், 1925 இல் கேம்பிள் இங்கிலாந்தின் லிசு எனும் ஊரில் காலமானார். மாகாணத்தின் ஒரே முழுமையான தாவரவள நூல் பாதியில் நின்றுவிடும் நிலை ஏற்பட்டது. கோயம்புத்தூர் மாவட்டத்து ஆனைமலைத் தாவரங்களை ஆராய்ந்து 1921 இல் வெளியிட்டிருந்த வன அலுவலர் சி. இ. சி. பிசர் எஞ்சிய நான்கு பகுதிகளையும் எழுதி 1936 இல் முடித்தார். கோயம்புத்தூர் வன மரபியல் நிறுவனத்தின் உலர்தாவரகம் பிசரின் பெயரைத் தாங்கியுள்ளது. 1957 இல் இந்தியத் தாவரவியல் ஆய்வகம் நூலை மூன்று தொகுதிகளாக மறுபதிப்பித்தது.