ஊரே இல்லாத ஒரு தொகுதி... ராஜாஜி முதல்வரான கதை தெரியுமா?

தொகுதி என்றால் நமக்கு என்ன நினைவுக்கு வரும்? ஒரு ஊர், சுற்றியுள்ள கிராமங்கள், ஒரு எல்லை. ஆனால் எந்த ஊரும், எந்த எல்லையும் இல்லாத ஒரு தொகுதி சென்னை மாகாணத்தில் இருந்தது. அதன் பெயர் பல்கலைக்கழகத் தொகுதி. அங்கே வாக்களிக்க கையில் பட்டம் இருக்க வேண்டும். 1937-ல் அந்தத் தொகுதியில் ஜெயித்தவர்தான் மாகாணத்தின் பிரதமரானார். அப்போது முதல்வர் பதவிக்கு அதுதான் பெயர். அவர் சி.ராஜகோபாலாச்சாரி, நம்ம ராஜாஜி.

பல்கலைக்கழகத்துக்கு எதற்கு ஒரு தொகுதி?

1935-ம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம் சென்னை மாகாண சட்டமன்றத்துக்கு 215 இடங்களை ஒதுக்கியது. அதில் பொதுத்தொகுதிகள் 146. அந்த 146-ல் பட்டியல் சாதியினருக்கு 30 இடங்கள். மீதி எல்லாம் தனித்தனிப் பிரிவுகளுக்கு: முஸ்லிம்களுக்கு 28, பெண்களுக்கு 8, இந்திய கிறிஸ்தவர்களுக்கு 8, வணிகர்களுக்கு 6, நிலவுடைமையாளர்களுக்கு 6, தொழிலாளர்களுக்கு 6, ஐரோப்பியர்களுக்கு 3, ஆங்கிலோ இந்தியர்களுக்கு 2, பழங்குடி மற்றும் பின்தங்கிய பகுதிகளுக்கு 1. பல்கலைக்கழகத்துக்கும் ஒரே ஒரு இடம்.

இப்போது மாதிரி எல்லோருக்கும் ஓட்டுரிமை அன்றைக்குக் கிடையாது. சொத்து, வரி, படிப்பு என ஏதாவது ஒரு தகுதி வேண்டும். கூலி வேலை செய்கிற, எழுதப் படிக்கத் தெரியாத பெரும்பாலானோருக்கு ஓட்டே இல்லை. அந்தச் சின்ன வாக்காளர் பட்டியலுக்குள் இன்னும் சின்ன வட்டம்தான் பட்டதாரிகள்.

தொரப்பள்ளி டூ சென்னை

ராஜாஜி பிறந்தது 1878 டிசம்பர் 10-ல், ஓசூர் அருகே உள்ள தொரப்பள்ளியில். சட்டம் படித்து சேலத்தில் வக்கீலாகி நன்றாகச் சம்பாதித்தார். 1917-ல் சேலம் நகராட்சித் தலைவரானார். பிறகு காந்தியின் அழைப்பை ஏற்று வக்கீல் தொழிலையே விட்டார். 1930-ல் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பு சத்தியாகிரக யாத்திரை நடத்தி சிறைக்குப் போனார்.

ஆனால் 1936-ல் நிலைமை வேறு. உட்கட்சி விவகாரங்களில் சலிப்படைந்த ராஜாஜி, பொறுப்புகளிலிருந்து ஒதுங்கியிருந்தார். தேர்தல் நெருங்கியபோது அவர் திரும்பி வர வேண்டும் என்று காங்கிரஸில் பலர் விரும்பினார்கள்.

விட்டுக்கொடுத்த சத்தியமூர்த்தி

இங்கேதான் கதை திரும்புகிறது. பல்கலைக்கழகத் தொகுதியில் நிற்கவிருந்தவர் எஸ்.சத்தியமூர்த்தி. மாகாண காங்கிரஸின் பெரிய பேச்சாளர், காமராஜரின் அரசியல் குரு. ராஜாஜிக்காக அந்த இடத்தை அவர் விட்டுக்கொடுத்தார். ராஜாஜி நின்றார், ஜெயித்தார்.

1937 தேர்தலில் காங்கிரஸ் 159 இடங்களைப் பிடித்தது. நீதிக்கட்சி படுதோல்வி. அதன் தலைவர் பொப்பிலி ராஜாவே வி.வி.கிரியிடம் தோற்றுப்போனார். ஆளுநர்களின் சிறப்பு அதிகாரம் பற்றிய இழுபறியால் சில மாதங்கள் தள்ளிப்போய், 1937 ஜூலையில் ராஜாஜி தலைமையில் அமைச்சரவை பதவியேற்றது. அதில் சத்தியமூர்த்தியின் பெயர் இல்லை. தொகுதியை விட்டுக்கொடுத்தவருக்கு அமைச்சர் பதவிகூட கிடைக்கவில்லை. ராஜாஜிக்கும் சத்தியமூர்த்தி - காமராஜர் அணிக்கும் இடையே பின்னாளில் வளர்ந்த விரிசலுக்கு இதுவும் ஒரு காரணம்.

ஆட்சியில் என்ன செய்தார்?

1937 அக்டோபர் 1-ல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு வந்தது. கடனில் மூழ்கிய விவசாயிகளுக்காக 1938-ல் கடன் நிவாரணச் சட்டம் வந்தது. மதுவிலக்கால் குறைந்த வருமானத்தை ஈடுகட்ட 1939-ல் பொது விற்பனை வரி வந்தது. 1939 ஜூலையில் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் தலைமையில் பட்டியல் சாதியினரும் நாடார் ஒருவரும் நுழைந்தபோது, அவர்களைப் பாதுகாக்க சட்டம் கொண்டுவந்தது இதே அரசு.

ஆனால் 1938-ல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியதும் இதே அரசுதான். மாகாணத்தின் தமிழ்ப் பகுதிகள் கொதித்தன. பெரியார் உட்பட ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். சிறைப்பட்ட நடராசனும் தாளமுத்துவும் 1939-ல் உயிரிழந்தார்கள். ராஜாஜி இறங்கி வரவில்லை. உலகப் போரில் இந்தியாவைக் கேட்காமல் இழுத்துவிட்டதைக் கண்டித்து, 1939 அக்டோபரில் காங்கிரஸ் அரசுகள் விலகியபோது அவரும் விலகினார். 1940 பிப்ரவரியில் இந்தி உத்தரவு வாபஸ் ஆனது.

இரண்டாவது முறையும் அதே கேள்வி

சுதந்திரத்துக்குப் பிறகு ராஜாஜி மேற்கு வங்க ஆளுநர், கவர்னர் ஜெனரல், மத்திய அமைச்சர் என உயரம் தொட்டார். 1952-ல் முதன்முறையாக 21 வயது நிறைந்த எல்லோரும் ஓட்டுப்போட்டார்கள். சென்னை மாகாணத்தின் 375 இடங்களில் காங்கிரஸுக்குக் கிடைத்தது 152 மட்டுமே. பெரும்பான்மை இல்லை. நிலைமையைச் சமாளிக்க ராஜாஜியை அழைத்தார்கள். அவர் தேர்தலில் நிற்கவே இல்லை. ஆளுநர் ஸ்ரீபிரகாசா அவரை மேலவைக்கு நியமித்தார். கம்யூனிஸ்ட் தலைவர் பி.ராமமூர்த்தி அதை எதிர்த்து நீதிமன்றம் போனார். பலன் இல்லை.

அடுத்த ஆண்டு வந்தது புதிய தொடக்கக் கல்வித் திட்டம். பாதி நாள் பள்ளி, மீதி நேரம் வீட்டுத் தொழில். குலக்கல்வி என்று பெயர் வைத்து எதிர்க்கட்சிகள் போராட, சொந்தக் கட்சியிலும் எதிர்ப்பு கிளம்பியது. 1954 ஏப்ரலில் ராஜாஜி பதவி விலகினார். அடுத்து முதல்வரான காமராஜருக்கும் மேலவை வழி திறந்துதான் இருந்தது. ஆனால் அவர் குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்று ஜெயித்து சட்டமன்றத்துக்கு வந்தார். குலக்கல்வித் திட்டமும் கைவிடப்பட்டது.

தொகுதி என்ன ஆனது?

வயது வந்த எல்லோருக்கும் வாக்குரிமை வந்ததும் சட்டமன்றத்தில் பல்கலைக்கழகத் தொகுதி காணாமல் போனது. பட்டதாரிகளுக்கான தொகுதி என்ற யோசனை மட்டும் மேலவையில் உயிரோடு இருந்தது. 1986-ல் தமிழ்நாடு மேலவை கலைக்கப்பட்டபோது அதுவும் முடிந்தது.

ராஜாஜியின் அரசியல் அதோடு முடியவில்லை. 1959-ல் சுதந்திரா கட்சியைத் தொடங்கினார். இந்தியைக் கட்டாயமாக்கியவரே பின்னாளில் அதை எதிர்த்தார். 1967-ல் திமுகவோடு கூட்டணி சேர்ந்து, தான் வளர்த்த காங்கிரஸை ஆட்சியிலிருந்து இறக்க உதவினார். 1972 டிசம்பர் 25-ல், 94 வயதில் காலமானார்.

அவருடைய அறிவையோ நேர்மையையோ எதிரிகள்கூட குறை சொன்னதில்லை. ஆனால் இரண்டு முறை முதல்வராக இருந்தும், ஒருமுறைகூட பொதுத்தொகுதியில் ஜெயித்து அவர் அந்த நாற்காலிக்கு வரவில்லை. முதல் முறை பட்டதாரிகள் அனுப்பினார்கள், இரண்டாம் முறை ஆளுநர் அனுப்பினார். இரண்டு முறையும் அவரைப் பெரிதாக உலுக்கிய பிரச்சினை ஒன்றுதான்: சாதாரண வீட்டுப் பிள்ளைகள் பள்ளியில் என்ன படிக்க வேண்டும் என்பது. அந்தப் பிள்ளைகளின் அப்பா அம்மாவிடம் ஓட்டுக் கேட்டு அவர் படியேறியிருந்தால் முடிவுகள் மாறியிருக்குமா? ஊரே இல்லாத அந்தத் தொகுதி விட்டுச்சென்ற கேள்வி இது.