கடைவீதியிலும் காத்த அறம்: ஸ்ரீமத் ராஜசந்திரர்

நாணயம் என்னும் தமிழ்ச்சொல் காசையும் குறிக்கும். வாக்குத் தவறாத நேர்மையையும் குறிக்கும். ஒரு வணிகனிடம் இவ்விரண்டும் சேர்ந்திருப்பது அரிது. ஜினதர்மம் இல்லறத்தார்க்கு வணிகத்தை விலக்கவில்லை. அதற்கு வரம்பு வகுத்தது. உமாசுவாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தில் கள்ளாமை என்னும் அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்களைக் கூறுகிறார். திருடத் தூண்டுதல், திருட்டுப் பொருளை வாங்குதல், அரசின் ஆணைக்கு மாறாக வணிகம் செய்தல், எடையையும் அளவையும் கூட்டியோ குறைத்தோ ஏமாற்றுதல், போலியைக் கலந்து விற்றல் என்பன அவை. இவை யாவும் கடைவீதியில் நேரக்கூடிய குற்றங்களே. அவ்விரதத்தைக் கடைவீதியிலேயே காத்து வாழ்ந்த சிராவகர் ஸ்ரீமத் ராஜசந்திரர்.

இவர் 1867ஆம் ஆண்டு கார்த்திகைப் பௌர்ணமியன்று, சௌராஷ்டிரத்தில் மோர்பிக்கு அருகிலுள்ள வவாணியா என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் ரவ்ஜிபாய், அன்னையார் தேவபாய். தந்தை வழியில் வைணவ பக்தியும் தாய் வழியில் ஜைன ஒழுக்கமும் அவ்வில்லத்தில் கலந்திருந்தன. பள்ளியில் ஏழாண்டுப் பாடத்தை இரண்டே ஆண்டுகளில் கற்று முடித்த சிறுவன், பின்னர்த் தந்தையின் கடையில் அமர்ந்தான். அந்நாட்களில் எவருக்கும் விலையைக் கூட்டியோ குறைத்தோ சொன்னதில்லை, எடையில் ஏற்றத்தாழ்வு செய்ததுமில்லை என்று பிற்காலத்தில் அவரே எழுதி வைத்தார். பின்னாளில் பம்பாயில் அவர் பெற்ற பெருமதிப்பின் வித்து அச்சிறு கடையின் தராசிலேயே இருந்தது.

பதினாறாம் வயதில் 108 பாடங்கள் கொண்ட மோட்சமாலா என்னும் நூலை இயற்றினார். ஒரே வேளையில் நூறு செயல்களில் கவனத்தைச் செலுத்தும் சதாவதானத்தைப் பத்தொன்பதாம் வயதில் பம்பாயில் நிகழ்த்தி, அறிஞர் பலரையும் வியப்பில் ஆழ்த்தினார். ஐரோப்பாவிற்குச் சென்று இவ்வாற்றலைக் காட்டலாம் என்ற அழைப்பும் வந்தது. ஆயினும் ஆன்ம நலனுக்கு இப்புகழ் தடையாகும் என்று உணர்ந்து, இருபது வயதிலேயே அவதானத்தை அறவே துறந்தார்.

1888இல் ஜபக்பாயை மணந்தார். பின்னர், மனைவியின் சிற்றப்பாவான ரேவாசங்கர் ஜகஜீவன் நடத்திய பம்பாய் நகை வணிக நிறுவனத்தில் பங்குதாரரானார். அந்நிறுவனத்தின் கொடுக்கல் வாங்கல் இலட்சக்கணக்கில் நடந்தது. முத்தின் நீரோட்டத்தையும் வைரத்தின் குற்றத்தையும் கண்ட மாத்திரத்தில் கணிக்கும் திறன் அவருக்கு இருந்தது. எனினும் வணிகர்கள் அவரை நாடி வந்ததற்கு அத்திறன் மட்டும் காரணமன்று. அவரது வரலாற்றை எழுதியோர் போற்றிக் கூறும் நிகழ்ச்சிகள் இரண்டு உண்டு.

வைர வணிகர் ஒருவர், குறித்த நாளில் குறித்த விலைக்கு வைரங்களை அளிப்பதாக ராஜசந்திரருக்கு ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தார். அந்நாள் வருவதற்குள் வைரத்தின் விலை வெகுவாக ஏறிவிட்டது. சொன்ன விலைக்குக் கொடுத்தால் அவ்வணிகரின் வீடு வாசலும் மிஞ்சாது. செய்தியறிந்த ராஜசந்திரர் தாமே அவர் கடைக்குச் சென்றார். பணம் கேட்க வந்தார் என்று அஞ்சிய வணிகர், எப்பாடுபட்டேனும் கடனைத் தீர்ப்பதாக உறுதி கூறினார். ராஜசந்திரரோ அந்த ஒப்பந்தத் தாளை வாங்கிக் கிழித்தெறிந்தார். சட்டப்படி தமக்கு உரிய பெருந்தொகையே ஆயினும், ஒரு குடும்பத்தை அழித்து வரும் இலாபத்தை அவர் ஏற்கவில்லை.

மற்றொன்று முத்து வணிகம் பற்றியது. அரபு நாட்டு வணிகர் ஒருவரின் தம்பி, தமையனுக்குத் தெரியாமல் முத்துகளை ராஜசந்திரரிடம் விற்றுவிட்டான். தமையனோ, குறிப்பிட்ட விலைக்குக் குறைத்து விற்கலாகாது என்ற கட்டளையுடன் அவற்றை வைத்திருந்தவர். அவர் கடிந்துகொள்ளவே, தம்பி கலங்கி ஓடிவந்து முறையிட்டான். முறையாக வாங்கிய சரக்கு. விற்றால் நல்ல இலாபமும் உண்டு. ஆயினும் ராஜசந்திரர் தாம் கொடுத்த தொகையை மட்டும் பெற்றுக்கொண்டு முத்துகளைத் திருப்பி அளித்தார். மொழியாலும் சமயத்தாலும் வேறுபட்ட அவ்வணிகர்கள் அவரைப் பெரிதும் போற்றலாயினர்.

இதனால் அவர் ஏமாறக்கூடியவர் என்று கருதுதல் தவறு. பிறர் செய்யும் சூதை அவர் உடனே கண்டுகொள்வார். கண்டால் அவர் புருவம் நெரியும். நோன்பு நாளிலும் கோயிலிலும் மட்டும் அறத்தைக் காத்து, கடையில் அதை மறக்கலாம் என்னும் எண்ணம் அவருக்கு உடன்பாடன்று. வணிக மேசையின்மீது ஒரு சமய நூலும் குறிப்பேடும் எப்போதும் இருக்கும். பேரம் முடிந்த மறுகணமே அந்நூல் திறக்கப்படும்.

1891இல் இங்கிலாந்திலிருந்து திரும்பிய இளம் வழக்குரைஞர் காந்தி, ரேவாசங்கரின் சகோதரர் டாக்டர் பிராணஜீவன் மேத்தா வழியாக ராஜசந்திரரைக் கண்டார். இவற்றையெல்லாம் அருகிருந்து பார்த்து, பின்னர்த் தம் சுயசரிதையிலும் நினைவுக் கட்டுரையிலும் பதிவு செய்தவர் அவரே. தென்னாப்பிரிக்காவில் சமயம் பற்றிய ஐயங்கள் வாட்டியபோது, 27 வினாக்களை எழுதி அவர் விடை வேண்டியதும் இவ்வணிகரிடமே. அந்நட்பு அந்நிறுவனத்தோடும் தொடர்ந்தது. பின்னாளில் காந்தியடிகள் பம்பாயில் தங்கிய மணிபவனம் ரேவாசங்கரின் இல்லமே.

1896இல் நடியாத் நகரில் 142 பாக்களால் ஆன ஆத்மசித்தியை இயற்றிய ராஜசந்திரர், இறுதி ஆண்டுகளில் வணிகத்திலிருந்து முற்றும் விலகினார். பண்டைய ஆசாரியர்களின் நூல்கள் அச்சேறி அனைவரையும் அடைய வேண்டுமென்று 1900இல் பரமசுருத பிரபாவக மண்டலத்தை நிறுவச் செய்தார். பொன்னூர் மலையில் தமிழ்ச் சமணர் திருவடி வணங்கும் குந்தகுந்த ஆசாரியரின் நூல்களும் அம்மண்டலத்தின் வழியே பதிப்பிக்கப்பெற்றன. குஜராத்து வணிகர் ஒருவர் தொடங்கிய பணி, நம் மலையின் ஞானச்செல்வத்தையும் காத்தது.

1901 ஏப்ரல் 9ஆம் நாள், முப்பத்து மூன்றே வயதில், ராஜ்கோட்டில் அவர் உடல் நீத்தார். அவர் கணித்த வைரங்கள் இன்று எவரெவர் கையில் உள்ளனவோ அறியோம். அவர் கிழித்த ஒப்பந்தத் தாளோ நூறாண்டு கடந்தும் பேசப்படுகிறது. விழா நாளில் ஜினாலயத்தில் ஏற்றும் விளக்கு, மறுநாள் காலை நம் கடையின் தராசுக்கும் ஒளி தரவேண்டும் என்பதே அவர் வாழ்வு நமக்கு விட்டுச்சென்ற பாடம்.