இல்லாத வாடை... மூளை கொடுத்த எச்சரிக்கை! - ஜார்ஜ் கெர்ஷ்வினின் கடைசி மாதங்கள்

ரப்பர் கருகும் வாடை. பக்கத்தில் இருந்தவர்களுக்கு அது தெரியவில்லை. அவருக்கு மட்டும் வந்தது.

அவர்தான் ஜார்ஜ் கெர்ஷ்வின். 1898இல் நியூயார்க்கின் புரூக்ளின் வட்டாரத்தில் பிறந்தவர். 15 வயதில் படிப்பை விட்டுவிட்டுப் பியானோ வாசிக்கும் வேலைக்குப் போனார். 25 வயதில் 'ராப்சடி இன் புளூ' இசைப்படைப்பால் பெரும்புகழ் பெற்றார். இன்றும் உலகெங்கும் பாடப்படும் 'சம்மர்டைம்' பாடலுக்கு இசையமைத்தவரும் அவரே.

என்ன நடந்தது?

1937 பிப்ரவரி. லாஸ் ஏஞ்சலிஸில் மேடையில் வாசித்துக்கொண்டிருந்தபோது சில விநாடிகள் அவருக்கு நினைவு தப்பியது. கூடவே அந்தக் கருகல் வாடை. சமாளித்து வாசித்து முடித்துவிட்டார்.

ஆனால் வாடை மீண்டும் மீண்டும் வந்தது. தலைவலியும் தலைச்சுற்றலும் சேர்ந்துகொண்டன. ஜூன் மாதம் மருத்துவமனையில் சேர்ந்தார். சோதனைகளில் பெரிதாக எதுவும் தென்படவில்லை. முதுகுத்தண்டு நீரை எடுத்துச் சோதிக்க அவர் சம்மதிக்கவில்லை. மனம் சார்ந்த பிரச்சினையாக இருக்கலாம் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஜூலை 9ஆம் தேதி சுயநினைவை இழந்தார். அவசர அறுவைச் சிகிச்சையில் மூளையின் வலப்பக்கத்தில் கட்டி இருப்பது தெரிந்தது. ஜூலை 11ஆம் தேதி காலமானார். வயது 38தான்.

மூக்குக்கும் மூளைக்கும் என்ன தொடர்பு?

நாம் நுகரும் வாடையை உணர்ந்து அடையாளம் காண்பது மூளை. அதற்கான முக்கியப் பகுதி நெற்றிப்பொட்டுக்கு உட்புறம், நினைவாற்றலுக்கான பகுதியை ஒட்டி இருக்கிறது. கெர்ஷ்வினின் கட்டியும் அந்தப் பக்கம்தான். கட்டி உறுத்தும்போது அங்கே மின் அதிர்வு ஏற்படலாம். அதுவும் ஒருவகை வலிப்புதான். கை கால் உதறாது. இல்லாத வாடை வரும், சில விநாடி நினைவு தப்பும்.

பயப்பட வேண்டுமா?

இல்லாத வாடை வந்தாலே மூளைக்கட்டி என்று பயந்துவிட வேண்டாம். சளி, சைனஸ் தொல்லை, ஒற்றைத் தலைவலி போன்றவற்றாலும் வரலாம். ஆனால் அடிக்கடி வந்தாலோ நினைவு தப்பினாலோ உடனே மருத்துவரைப் பாருங்கள்.

நுகரும் திறன் மெல்லக் குறைவதையும் அலட்சியம் செய்யக்கூடாது. வயதானால் அது சகஜம்தான். ஆனாலும் பார்க்கின்சன்ஸ், அல்ஸைமர்ஸ் நோய்களில் மற்ற அறிகுறிகளுக்கு முன்பே அது தொடங்கலாம்.

கெர்ஷ்வினுக்கு வந்தது வேகமாக வளரும் கட்டி. முன்கூட்டியே கண்டுபிடித்திருந்தாலும் அன்றைய மருத்துவத்தால் அவரைக் காப்பாற்றியிருக்க முடியுமா என்பது சந்தேகமே. மூளையைப் படம்பிடிக்கும் ஸ்கேன் கருவிகள் அப்போது இல்லை. இப்போது இருக்கின்றன. ஆனால் எந்தக் கருவிக்கும் அந்த வாடை வராது. நாம் வாய்விட்டுச் சொன்னால்தான் மருத்துவருக்கே தெரியும்.