தமிழில் வைத்தியம் தந்த டாக்டர் கிறீன்

ஆனையிறவு உப்பளத்தில் பருவம் தப்பிய ஒரு மழை போதும், பாத்தியில் விளைந்த உப்பு கரைந்துவிடும். தொழிலாளர்கள் மறுபடியும் உப்புநீர் பாய்ச்சிக் காத்திருப்பார்கள். இவ்வூரில் வளர்ந்த எனக்கு, டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீனின் வாழ்க்கையை வாசித்தபோது அந்தப் பாத்திகளே நினைவுக்கு வந்தன.

1822 இல் அமெரிக்காவில் பிறந்த அவர், 1847 இல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் நோயாளரைப் பார்த்துக்கொண்டே மாணவர்களுக்கு மேலைநாட்டு வைத்தியம் கற்பித்தார். தாமும் தமிழ் கற்றார். 1852 இல் உடற்கூறு பற்றிய அவரது தமிழ் நூல் வெளிவந்தது. பத்தாண்டு உழைப்பு உடலைத் தளர்த்தவே தாயகம் திரும்பினார். அத்துடன் நின்றிருந்தாலும் எவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஆனால் 1862 இல் மீண்டும் வந்தார். கிராமத்து மக்களுக்கு உதவும் வைத்தியர்களை உருவாக்க, 1864 முதல் தமிழிலேயே கற்பித்தார். இல்லாத கலைச்சொற்களை ஆக்கினார். 1867 இல் 'இரண வைத்தியம்' வெளிவந்தது. 1873 இல் நோயுடன் நாடு திரும்பிய பின்னரும் தமிழ்ப் பணியை விடவில்லை. 'கெமிஸ்தம்' 1875 இல் அச்சேறியது. 1884 இல் மறைந்தார். அவரிடம் பயின்று வைத்தியரானோர் அறுபதுக்கும் மேல்.

உயர்தரப் பரீட்சையில் முதல் தடவை புள்ளி போதாமல் நிற்கும் தோழியே, உன்னைத் தேற்றும் பெற்றோரே, இடையில் தடைப்படுவது தோல்வியல்ல. விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்கியவரே கிறீன்.