சிறுமிக்குச் சீராக வந்த புத்தகம்

குட்டீஸ், பிரான்ஸ் நாட்டு எழுத்தாளர் லா புரூயேரைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? 1645-இல் பாரிஸில் பிறந்தவர். சட்டம் படித்தார். 1684-இல் புகழ்பெற்ற தளபதியான கோந்தே இளவரசரின் பேரனுக்கு ஆசிரியரானார். பிரபு வீட்டுப் பிள்ளைக்குப் பாடம் சொல்வது எளிதா என்ன?

அந்த மாளிகைக்கு வரும் பெரிய மனிதர்களை ஓரமாக நின்று கவனித்தார். அவர்களின் பகட்டு, பேராசை, முகத்துதி எல்லாவற்றையும் சின்னச் சின்னக் குறிப்புகளாக எழுதினார். ஆட்களின் பெயர்களை மட்டும் கிரேக்கப் பெயர்களாக மாற்றிவிட்டார்!

மிஷாலே என்பவரின் புத்தகக் கடைக்கு அடிக்கடி போவார். கடைக்காரரின் சின்ன மகளிடம் அவருக்குக் கொள்ளைப் பிரியம். ஒருநாள் தன் கையெழுத்துப் பிரதியைக் கொடுத்து, இதை அச்சிடுங்கள், லாபம் வந்தால் இவளுடைய கல்யாணச் சீருக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டாராம்.

1688-இல் 'குணச்சித்திரங்கள்' வெளிவந்தது. அட்டையில் ஆசிரியர் பெயரே இல்லை. இது யார், அது யார் என்று ஊரே துருவியது. பலருக்குக் கோபம். 1691-இல் பிரெஞ்சு அகாடமி தேர்தலில் தோற்றார். 1693-இல்தான் இடம் கிடைத்தது. 1694-க்குள் எட்டுப் பதிப்புகள்! 1696-இல் வெர்சாயில் காலமானார்.

அந்தச் சிறுமி வளர்ந்து மணப்பெண்ணானபோது, சீர்ப் பணம் பெருந்தொகையாகச் சேர்ந்திருந்ததாம்.